குப்பை என்று ஒரு பெயர்

பெற்ற மகளை எங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் போட்டவர் நீங்கள். இன்று காலை தென்காசி அரிசி ஆலைப் பக்கம் போனபோது புதுத் தவிட்டு வாசம் அடித்தது. வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வடகரையில் உங்கள் வயலில்தான் என் அம்மா நாற்று நட்டாள். எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் என்னைக் குப்பையில் கிடத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். அவளுக்குத் தவிடு கொடுத்து என்னைத் திரும்ப வாங்கி, 'குப்பை' என்று பெயர் வைத்தாள். வேண்டாமென்று எறிந்த பிள்ளையை எமனும் தொடமாட்டான் என்று நம்பிக்கை. ஆணோ பெண்ணோ, அதே பெயர்தான். நான் பிழைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் பிள்ளைகள் தங்கவில்லை. எங்கள் தெருவில் கால் வைக்காத நீங்கள் பச்சைப் பிள்ளையோடு வந்தீர்கள். "உம் மவன் பேரே எம் மவளுக்கும் இருக்கட்டும். நீயே எடுத்துக் குடுட்டி" என்று அழுதீர்களாம். அம்மா அவளைக் குப்பையிலிருந்து எடுத்து, பால் கொடுத்து, காதில் பெயரைச் சொன்னாள். ஒரு சுளகுத் தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிப் போனீர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் விஜயலட்சுமி ஆனாள்.

ஒரு சாரல் காலத்தில், குற்றாலத்து அருவியில், அவள் பாசிப் பாறையில் ஏறுவதைப் பார்த்து அம்மா பதறிக் கத்தினாள்.

"ஏட்டி குப்பை! வழுக்கும், இங்கன வா!"

குளித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். உங்கள் முகம் கறுத்தது.

"யாருட்டி குப்பை? நடவுக்காரிக்கு எம் மவளப் பேர் சொல்லுத அளவுக்கு வாய் வந்துட்டோ?"

ஈரச் சேலையோடு அம்மா கும்பிட்டாள். "தெரியாம சொல்லிட்டேன், தாயி."

அன்றிலிருந்து அம்மா என்னையும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. வெறும் 'ஏலே'தான். என்னைப் பிழைக்க வைத்த சொல்லை அவள் வாயில் கெட்ட வார்த்தையாக்கிவிட்டீர்கள். நீங்கள் செத்த சேதி வந்தபோது எனக்குத் துக்கமில்லை.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொந்தக்காரர்கள் முன்னால் உங்கள் மகளின் மானத்தை வாங்கத்தான் வந்தேன். வாசலில் நின்று "குப்பை!" என்று கத்தினேன். கூட்டம் என்னை முறைத்தது. அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. "என்னம்மா?" என்று உங்கள் அறைப் பக்கம் திரும்பினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆக, கதவைச் சாத்திக்கொண்டு நீங்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்! அப்புறம் ஏன் என் அம்மாவைக் கும்பிட வைத்தீர்கள்? செத்துப்போனதெல்லாம் ஒரு சாக்கு இல்லை. எழுந்து வாருங்கள். அம்மா எதிரே நின்று, தப்பு உங்களுடையது என்று சொல்லுங்கள். என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.