நாற்பத்தொரு அலமாரிகள்

ஜூன் 3, செவ்வாய்
நூலகத்தில் நாற்பத்தொரு அலமாரிக்கும் கியூஆர் கோடு ஒட்டியாயிற்று. கேட்டிலும் ஒன்று. போனைக் காட்டினால் எந்தப் புத்தகம் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது, எல்லாம் வரும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதியும் அனுப்பலாம். கிழிந்த புத்தகங்களைத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் அண்ணனை ஒட்டுவதற்கு ஏணியில் ஏற்றிவிட்டேன். பாவம், ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஏறினார்.

மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஆளே வருவதில்லை, மூடிவிடலாம் என்கிறார் மேலதிகாரி. ஒரு மாதம் கெடு. வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். "நோட்டுல யார் வேணா கையெழுத்து போடலாம். மெஷின் பொய் சொல்லாது. அந்த மூணு மணி நேரத்து ஸ்கேன் கணக்கை அனுப்புங்க." தினமும் முப்பதாவது வேண்டுமாம்.

ஜூன் 5
நேற்று 4. இன்று 2. அதில் ஒன்று நான், வேலை செய்கிறதா என்று பார்த்தது.

ஜூன் 9, திங்கள்
மருந்துக்கடைப் பெண் வழக்கம்போல ஆறேகாலுக்கு வந்தாள். பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து பார்மசி பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். ஒரு தடவை ஸ்கேன் பண்ணேன் என்று வெட்கமில்லாமல் கேட்டுவிட்டேன். போனை நீட்டினாள். பட்டன் போன். "இதுல போட்டோகூட எடுக்க முடியாதுக்கா."

தினமும் வருகிற ஒரே ஆள் கணக்கிலேயே இல்லை.

வீட்டுக்கு வந்தால் இவர்: "நம்ம வாசல்லயும் ஒண்ணு ஒட்டு. பொண்டாட்டி உள்ள இருக்காளான்னு பார்த்துக்கறேன்." சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13
43. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 43-தான்.

ஜூன் 20
44, 42, 45, 43. கால் தரையில் நிற்கவில்லை. பைண்டர் அண்ணனிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்று ஊசியில் நூல் கோத்தார். இந்த மனிதருக்குச் சந்தோஷப்படவே தெரியாது.

ஜூலை 1
கணக்கை அனுப்பிவிட்டேன். மேலதிகாரி போனிலேயே பாராட்டினார். மாலை நேரம் தப்பித்தது.

ஜூலை 3
அண்ணன் லீவு. மகளுக்குப் பிரசவம். இன்றைய ஸ்கேன் 3.

ஜூலை 4
2.
நாற்பத்தொரு அலமாரி. தினமும் நாற்பத்தொன்றும் கொஞ்சமும். எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஜூலை 7, திங்கள்
கேட்டேன். லீவு முடிந்து வந்த அண்ணன் மறைக்கவில்லை. "நீங்க தினமும் அந்தக் கணக்கைப் பார்த்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தீங்க. அஞ்சு மணிக்கு மேல எனக்கும் பெருசா வேலை இல்ல. போனை எடுத்துட்டு ஒரு சுத்து சுத்தினேன்."

கத்திவிட்டேன். என் கையெழுத்தில் போயிருக்கிறது அது. கையிலிருந்த பசையைத் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணு தினமும் வர்றது பொய்யாம்மா?"



ஜூலை 8
யாருக்குத் தெரியப் போகிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பரீட்சை வரை படித்துவிடுவாள். ஆனால் இந்த மாதமும் அவர் சுற்ற வேண்டும். தெரிந்தே நான் சுற்ற விட வேண்டும். ஐயோ, எனக்கு இது வராது. 

ஜூலை 10
உண்மைக் கணக்கை எடுக்க உட்கார்ந்தேன். அண்ணனின் போனைக் கழித்தால் மாலையில் நாளுக்கு மூன்று. கேட்டது அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் என்பதால் மற்ற நேரத்தை நான் திறந்தே பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், பூட்டிய கேட்டில் இருக்கிற கோடு. நாளுக்குப் பதினெட்டு, இருபது. வேறு வேறு போன்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள். "எப்ப திறப்பீங்க?" என்று எழுதியிருக்கிறார்கள், ஒரு மாதமாக. ஒருவருக்குக்கூட நான் பதில் போடவில்லை. எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

மாலைக் கணக்கு, காலைக் கணக்கு இரண்டையும் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினேன். அண்ணன் செய்ததை என் கவனக்குறைவு என்று போட்டேன்.

ஜூலை 18
எனக்கு ஒரு மெமோ. கூடவே ஆணை: ஆகஸ்ட் ஒன்று முதல் காலை ஆறரைக்குத் திறக்க வேண்டும், மாலை ஐந்துக்கு மூட வேண்டும்.

ஜூலை 21, திங்கள்
அவளிடம் சொன்னேன். காலையில் வரலாமே என்றேன். "ஏழு மணிக்குக் கடை திறக்கணும்க்கா. சாவி என்கிட்டதான்." புத்தகத்தைப் பையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து விரித்தாள்.

நான் செய்தது நியாயம்தான். அப்புறம் ஏன் அந்த ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை?

ஆகஸ்ட் 1, வெள்ளி
கேட்டில் பதினான்கு பேர். சீருடையோடு வந்த ஒருவர் பேப்பரை விரித்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. அண்ணன் ஆட்களை விரல் விட்டு எண்ணினார்.

மாலை வீட்டில். துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். ஆறேகால் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்
எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் ஆட்டம். இவர் அட்டையை மடித்து அடியில் செருகினார். டிவியை அணைத்துவிட்டு பேப்பரோடு உள்ளே போனார். 

"எட்டு மணிக்குக் கிளம்பிடுவேன்க்கா" என்றாள் அவள், பார்மசி குறிப்பேட்டை அந்த மேசையில் திறந்துகொண்டே.

உள்ளேயிருந்து இவர் குரல்: "இங்க ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும்மா."