புல்லில் இருந்த மஞ்சள்

இன்று காலை அடையாறு பூங்காவில் புல்வெட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை வாசனையில் நடையை மறந்து நின்றுவிட்டேன். வெட்டிய புல்லை அள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். நீ இருந்திருந்தால் வண்டியை மறித்திருப்பாய்.

ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர் அறையில் காலம் தள்ளினோம். நீ வேதியியல், நான் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகும் மயிலாப்பூரிலிருந்து என்னோடு நடக்க வருவாய். இதே பூங்காவில் ஒரு நாள் புல் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாய்.

"மாடு இதைத் தின்னா பாலாக்குது. கோழிக்குச் செரிக்காது. உள்ள இருக்கிற புரதத்தை நாமளே பிழிஞ்சு குடுத்தா?"

வெளிநாட்டில் இதற்கென்றே ஆலை இருக்கிறதாம். சாற்றிலிருந்து புரதம், சக்கையிலிருந்து மாட்டுத் தீவனமும் அட்டையும், மிஞ்சிய தண்ணீரிலிருந்து எரிவாயு. நீ சொல்லச் சொல்ல எனக்கும் பிடித்துக்கொண்டது. அப்போது உனக்குப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை மட்டும் நீ எடுக்கவே மாட்டாய்.

முதலில் உன் மிக்ஸியில் அரைத்தோம். நார் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்தது. பிறகு, கோயில் பக்கத்தில் பசுவுக்கு விற்கும் நீளப் புல்லைக் கட்டாக வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் பட்டினப்பாக்கம் கரும்புச்சாறு வண்டிக்குப் போனோம்.

"இன்னாக்கா, புல்லா? ஜூஸ் குடிக்க வர்றவன் பாத்தான்னா ஓடிப்பூடுவான்" என்றார் வண்டிக்காரர்.

"வியாபாரம் முடிஞ்சதும் போடுங்க தம்பி. மிஷினை நானே கழுவித் தரேன்."

"யாரு குடிக்கப் போறாங்க இத?"

"கோழி."

"எங்கூட்டாண்ட கோழி கீதுக்கா" என்றார். அதோடு அவரும் நம் கட்சி.

வெறும் புல் உருளையில் வழுக்கியது. நீ தரையில் உட்கார்ந்து அதை ஜடை போலப் பின்னிக் கொடுத்தாய். கரும்பச்சையாக, நுரைத்துக்கொண்டு சாறு இறங்கியது.

காய்ச்சியது உன் வீட்டில். "எங்காத்துல மாட்டுத் தீனியைக் கொதிக்க வெச்சா, மாமியார் என்னையும் சேத்துக் காய்ச்சிடுவா" என்று நான் நழுவிவிட்டேன். சூடேறியதும் பச்சைத் திரள் மேலே வந்து, அடியில் பழுப்புத் தண்ணீர் நின்றது.

"பால் திரியற மாதிரியே இருக்குடி, பாரு, பாரு" என்று என் தோளைப் பிடித்து இழுத்தாய். உன் பழைய துப்பட்டாவில் அதை வடித்து, ஒரு துளி நாக்கில் வைத்தாய். மருந்தால் சோறுகூட உனக்கு மண்ணாக இருந்த நாட்கள் அவை. "கீரையும் டீத்தூளும் கலந்தாப்ல இருக்கு. எனக்கு ருசி தெரியுதுடி" என்றாய்.

காய வைத்துப் பொடித்ததை வண்டிக்காரர் வீட்டுக் கோழிகள் முதலில் சீண்டவில்லை. நொய்யோடு கலந்ததும் தின்றன. புல்லின் பச்சைக்குள் ஒரு மஞ்சளும் ஒளிந்திருக்கிறது, அது முட்டையின் கருவில் தெரியும் என்றாய். அதைப் பார்ப்பதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். தனியாகப் போய்ப் பிழிந்து வந்தேன். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான்: "மஞ்சக்கரு எப்படி இருக்கு?" கோழிகள் இன்னும் முட்டையிடவில்லை என்பேன். அப்படியே போய்விட்டாய்.

சில வாரம் கழித்து வண்டிக்காரரின் மனைவி போன் செய்தார். "முட்டை வச்சிக்கீதுக்கா, வந்து எடுத்துக்க. அந்தக்கா கேட்டுக்கினே இருந்தாங்கல்ல."

பிறந்ததிலிருந்து நான் முட்டையைத் தொட்டதில்லை. உன் சமையலறையில் கடை முட்டை ஒன்றையும் அதையும் வைத்துக்கொண்டு நின்றேன். உன் கணவர், "நான் உடைக்கட்டுமா டீச்சர்?" என்றார். வேண்டாம் என்றேன். ஓடு நொறுங்கி விரலெல்லாம் வழிந்தது. கடை முட்டையின் கரு வெளிறிக் கிடந்தது. மற்றது பழுத்த பப்பாளி நிறம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

எனக்கும் அழுகை வந்தது. அதன் நடுவிலேயே ஒரு சந்தேகமும் வந்தது. தெருவில் மேய்கிற கோழி. எதைத் தின்றதோ யார் கண்டது? "ஒண்ணை வச்சு முடிவு சொல்றதா? கணக்கு டீச்சர்டி நீ" என்று நீ கேட்பது காதில் விழுந்தது.

இப்போது வண்டிக்காரர் வீட்டுக் கோழிகளை இரண்டு கூண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒன்றில் நொய்யோடு புல் பொடி, மற்றதில் வெறும் நொய். முடிவு இன்னும் வரவில்லை. ஓடு நொறுங்காமல் முட்டை உடைக்க மட்டும் கற்றுக்கொண்டேன்.