‘கையை விடவே இல்லை’ என்று சொன்னீர்களே

இஞ்சாருங்கோ, என்ர அத்தான்,

எங்கே இருந்தாலும் ஒருக்கால் காது கொடுத்துக் கேளுங்கள். போன கிழமை நானும் எங்கள் மகன் சேந்தனும் அந்தச் சுவீடன் மலைக்குத் திரும்பவும் போய் வந்தோம். உங்கள் தொழிற்சாலை ஆட்கள் மாசி மாதப் பள்ளி விடுமுறைக்குப் போகிற அதே பஸ், அதே மரவீடு. உங்களோடு ஒரே மெசினில் நின்ற பென்ட் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அந்த மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது?

கீழ்வீட்டு அக்கா வாசலில் மறித்தா. “புருசன்ர முதல் வருச ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை, பனியில சறுக்கி விளையாடப் போறீரோ?” என்றா. “ஓம், போறன். மலையிலதானே முருகன் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு புதினம். குடும்பங்களைக் கூப்பிடக் கொடுத்த எங்கள் கோப்புகளை நிறுத்தி வைத்திருந்தார்களே, அது விசாரணையில் வெளியே வந்து, போன மாதம் இந்த டேனிஷ் அரசாங்கமே பதவி இழந்து போய்விட்டது! தொலைக்காட்சியில் எந்நேரமும் தமிழர் வழக்குத்தான். பென்ட் தானே குற்றம் செய்தவர்போல மன்னிப்புக் கேட்டார், சேந்தன் தமிழில் சொன்னான். நல்லது. ஆனால் அவன் பிறந்து, தவழ்ந்து, நடந்து, கதைத்த வருசங்களை யார் எடுத்துத் தருவார்கள்? அவனை வயிற்றில் விட்டுவிட்டு வந்தீர்கள். நீங்கள் அவனைப் படத்தில் பார்த்தீர்கள், அவன் உங்களைப் படத்தில் பார்த்தான்.

படத்தில் பார்த்ததுதான் வினை. முந்தின வருசக் கோடையில் நாங்கள் வந்து இறங்கியபோது என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தான். வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த உங்கள் கலியாணப் படத்தைக் காட்டி, “அதுதான் அப்பா. இவர் ஆர்?” என்றான். அவன் மேல் என்ன பிழை? படத்தில் கட்டை மீசை, இங்கே மீசையும் இல்லை, தலைமுடியும் அரைவாசிதான். உங்களை அவன் ‘அவர்’ என்றுதான் சொன்னான். ‘அவருக்குத் தேத்தண்ணி வேணுமாம்.’ நீங்கள் சிரித்துக்கொண்டே குடித்தீர்கள்.

மூன்றாம் மாடியில் வீடு எடுத்துவிட்டு, ஒரு நாளும் பல்கனியில் கால் வைக்காத மனிதர் நீங்கள். நான் வந்து கதவைத் திறந்தால் அங்கே புறா குடும்பம் நடத்துகிறது! பல்ப் மாற்றுவதென்றாலும் நான்தான் ஏணியில். நீங்கள் கீழே ஏணியைக் கட்டிப்பிடித்தபடி, “முருகா, பாத்து, பாத்து!”

அப்படிப்பட்டவர் போன மாசியில் அந்த மலைக்கு ஏறுகிற கேபிள் காரில் ஏறினீர்கள். மகன் ஆசைப்பட்டான், அவ்வளவுதான் காரணம். நான் பஸ்ஸில் சத்தியெடுத்துக் களைத்து மரவீட்டில் கிடந்தேன். நீங்கள் வந்து கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, “இஞ்சேருமப்பா, போய் வருமட்டும் அவன் என்ர கையை விடவே இல்லை” என்றீர்கள். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒன்றிரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். அப்பனும் மகனும் ஒருக்காலாவது கைகோத்து நின்றார்களே என்று.

இந்த முறை அடிவாரத்தில் வரிசையில் நின்றோம். சனம் சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு கேபிள் கார்ப் பெட்டிக்குள் நெருக்கியடித்து ஏறியது. சேந்தன் வாசலில் நின்றுவிட்டான். “நான் வரேல்லை.” பென்ட் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பெட்டி எங்களை விட்டுவிட்டுப் போனது.

“என்னடா? நீதானே ஆசைப்பட்டனி?”

டேனிஷில் ஏதோ தொடங்கினான். தமிழில் சொல்லு என்றேன்.

“அவர் என்ர கையைப் பிடிச்சவர், அம்மா. பெட்டி ஆடேக்க இறுக்கிப் பிடிச்சவர். மற்றப் பிள்ளையள் பாத்தவை. நான் இழுத்துப்போட்டன். பேந்தும் பிடிக்க வந்தவர். நான் பென்டுக்குப் பக்கத்தில போய் நிண்டிட்டன்.” கையுறையைக் கழற்றினான், போட்டான். “அதாலயோ அம்மா அவற்ற நெஞ்சு நிண்டது?”

அத்தான், ஏழு வயதுப் பிள்ளை இதை ஒரு வருசமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்! அட பாவி மனுசன், எனக்குப் பொய்யா சொன்னீர்கள்? நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வசனமும் பொய்யா? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“விசர்க்கதை கதையாதை” என்றேன். “அப்பாக்கு உயரமெண்டால் பயமோ? நீ பயந்திடுவாய் எண்டுதான் கையைப் பிடிச்சவர். நீ இழுத்த உடன அவருக்குச் சரியான புளுகம், சந்தோசம். என்ர மகன் என்னை மாதிரிப் பயமில்லாதவன் எண்டு அண்டைக்கு முழுக்க அதே கதைதான். நெஞ்சு நிண்டது வருத்தத்தில, ராசா. உன்ர கையால இல்லை.”

அவன் யோசித்தான். “அப்பாக்குக் கொஞ்சமும் பயமில்லையோ?”

அப்பா! கேட்டீர்களா? அவர் இல்லை, அப்பா.

“அவருக்கோ? சீச்சீ!” என்றேன்.

அடுத்த பெட்டியில் ஏறினோம். தூணைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்த இடத்தில்தானே அவன் கையைத் தேடினீர்கள்? ஏணி ஏறுகிற நானே கம்பியைக் கட்டிப்பிடித்தேன். சேந்தன் கையை நீட்டி, “பயமெண்டால் பிடியுங்கோ, அம்மா” என்றான். பிடித்தேன். உங்களுக்குக் கிடைக்காத கை எனக்குக் கிடைத்தது. மேலே போய் நான் மலையைப் பார்க்கவில்லை, அழுதுகொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை இங்கத்தைய தமிழ்ச் சஞ்சிகைக்கு அனுப்பப்போகிறேன். சனம் எல்லாம் வாசிக்கட்டும். ஆனால் ஒருவரும் பிள்ளையிடம் வாய் திறக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன். அவனால் இதை வாசிக்க முடியாது, இப்போதுதான் டேனிஷ் எழுத்துக் கூட்டுகிறான். தமிழும் படிப்பிக்க வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்களே, படிப்பிக்கிறேன். சத்தியமாய். நாளைக்கே ஆனா ஆவன்னா தொடங்குகிறேன். என்றைக்காவது அவன் இதையும் வாசிப்பான். அப்போது அவனுக்கும் ஒரு பிள்ளை இருந்தால், நாங்கள் இரண்டு பேரும் ஏன் பொய் சொன்னோம் என்று என்னைக் கேட்க மாட்டான்.

அவன் கனவில் வந்தாலும் பல்கனிக் கதை, ஏணிக் கதை ஒன்றும் எடுக்காதேங்கோ. அவன் இதை வாசிக்கும் நாள் வரைக்கும் நீங்கள் உயரத்துக்குப் பயப்படாத மனிதர்.

உங்கட மனுசி,
சேந்தனின்ர அம்மா
பிரெடெரிசியா