முல்லையும் நெய்தலும் கலந்த இயல்

இன்று காலை பழைய பென்டிரைவைச் செருகியபோது அந்தக் கோப்பு திரையில் வந்து நின்றது. அதன் பெயர் "முல்லை நெய்தல் – கைவைக்காதே". நீ வைத்த பெயர். கைவைக்கப் பார்த்தவள் நான். நீ போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் ஒரு நொடி என் விரல் மவுஸிலிருந்து விலகிக்கொண்டது.

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த உன் கம்ப்யூட்டர் சென்டருக்கு நான் வந்தது முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கத்தான். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நான் தமிழ் படித்து, குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். நீ டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, வீட்டுக்காரரைக் குவைத்துக்கு அனுப்பிவிட்டு, ஊராருக்கு ஆதார் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாய்.

முதல் இயலை அடித்து முடித்ததும் கேட்டாய்: "ஏன்டி, காடுன்னா காத்திருக்கறது, கடல்னா அழறது, மலைன்னா சேந்து இருக்கறதுன்னு எழுதியிருக்கியே, எல்லாப் பாட்டும் அப்படியா இருக்கு?"

"திணைக் கோட்பாடு அப்படித்தான் சொல்லுது."

"சொல்லுது, சரி. யாராச்சும் எண்ணிப் பாத்தீங்களா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் மகளின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்துவிட்டாய்.

சங்க அகப்பாடல்களை நான் சந்தி பிரித்துக் கொடுத்தேன், நீ கணினியில் ஏற்றினாய். பூ, மரம், விலங்கு என்று நிலத்தைக் காட்டிக்கொடுக்கும் சொற்களையெல்லாம் நீக்கினோம். மிச்சமிருந்த சொற்களை மட்டும் பார்த்துப் பாடல்களைக் குழு பிரிக்கும்படி கணினியிடம் விட்டோம். நிலம் அழிந்த பிறகும் உணர்வு தனித்தனியாகப் பிரிந்தால் கோட்பாடு நிற்கும் என்பது கணக்கு. குறிஞ்சி அழகாகத் தனியே வந்தது. மருதமும் வந்தது, பாலை ஏறக்குறைய வந்தது. முல்லையும் நெய்தலும் மட்டும் ஒரே குவியலாகக் கிடந்தன.

முதல் இயலில் நான் எழுதியதற்கு இது நேர்மாறு. "மாலை, கண், துயில் இதையெல்லாமும் எடுத்துரு. பிரிஞ்சிரும்" என்றேன்.

"பிரியிற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சியாடி?"

"ஒனக்கு இலக்கியம் தெரியாது" என்றேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நீ அடுத்தவரின் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டாய்.

மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் வரவில்லை. வந்தபோது மன்னிப்புக் கேட்க விடாமல் இரண்டு தாள்களை நீட்டினாய். நிலச்சொற்கள் நீங்கிய இரண்டு பாடல்கள். "எது காடு, எது கடல்? சொல்லு பாப்போம்." பத்து வருடமாகத் திணை நடத்துகிறவள் நான். மாற்றிச் சொன்னேன். நீ கேலி செய்யவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாய்: "காத்திருக்கறவளுக்குக் காடென்ன, கடலென்ன? சாயங்காலம் வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."

ஒரு திணை இன்னொன்றோடு கலப்பதற்குத் திணை மயக்கம் என்று கோட்பாட்டிலேயே இடம் உண்டு. அதை விதிவிலக்கு என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். இந்த இரண்டு திணைகளிலும் அது விதிவிலக்கு இல்லை என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தோம். அதுதான் நான்காம் இயல்.

அந்த இயலுக்குப் பிழை திருத்தும்போதுதான் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தாள்களை மடியில் வைத்திருந்தாய். "வைவாவுக்கு வாரேன்டி. பின்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றாய். அதற்கு நான்கு மாதம் முன்பே போய்விட்டாய்.

நான்காம் இயலின் தலைப்புக்குக் கீழே, இந்த ஆய்வு இருவருடையது என்று எழுதி உன் பெயரைப் போட்டிருந்தேன். நெறியாளர் எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கறவங்க பேரு இங்க எதுக்கும்மா? தட்டச்சுக்கு நன்றின்னு முன்னுரையில போட்டா போதுமே."

"அவ தட்டச்சு மட்டும் செய்யலைங்க சார். முடிவை நான் வளைக்கப் பாத்தேன். அவதான் விடல."

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படின்னா இந்த இயலை நீக்கிட்டுத் திரும்பக் கொடுங்க" என்றார் புறத்தேர்வாளர்.

"நீக்க மாட்டேங்க சார். பட்டம் தாமதமானா ஆகட்டும்."

ஆனது. பதினான்கு மாதம். அதற்குள் என் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆய்வேடு மூன்றாவது தேர்வாளர் ஒருவரிடம் போயிற்று. அவர் உன் நிரலை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதே குவியல் அவருக்கும் வந்திருக்கிறது. ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்கச் சொல்லி எழுதினார். அந்தக் கடிதத்தை உன் மகளிடம் படித்துக்காட்டினேன். "அம்மா சரியாத்தானே செஞ்சிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடுவதாகச் சொன்னார். அட்டையில் என் பெயர் மட்டும் போதுமாம். உன் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லையாம். பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாளை வேறிடத்துக்கு அனுப்புகிறேன். அங்கேயும் இதையே சொன்னால் அதற்கடுத்த இடம். எங்கு போனாலும் அட்டையில் இரண்டு பெயர்தான். உன்னுடையது முதலில். அகரவரிசைப்படி என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.