நாலு விரல் மிச்சம்

ஜனவரி 6, திங்கள்

வண்டி மக்கர். கேரட் ஏற்றிக்கொண்டு வெள்ளனே கிளம்பிய டிரைவர் அழகுமலை, பூம்பாறை தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டான். போனில் ஒரே கத்தல். "அக்கா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. திக்கித் திக்கி அடிக்குது, பின்னாடி வெள்ளப் பொகையா தள்ளுது!" மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, வெறும் வண்டியை எப்படியோ நாயுடுபுரம் வரைக்கும் கொண்டுபோய் குருநாதண்ணன் பட்டறையில் விட்டிருக்கிறான்.

கெட்டுப்போக வேறு மாதமே கிடைக்கவில்லையா இந்தச் சனியனுக்கு? பிப்ரவரியோடு மஸ்கட்டில் என் வீட்டுக்காரருடைய இரண்டு வருஷ வேலை முடிகிறது. வந்ததும் அழகுமலையிடம் சாவியை வாங்கி, பழையபடி தானே ஓட்டுவதாகப் பேச்சு. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 7

இவரிடம் சொன்னேன். அங்கே தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் ரூமுக்கு வந்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மன்னவனூரில் குளிர் எப்படி என்று கேட்கவில்லை. "சத்தத்தப் புடிச்சு அனுப்பு செல்வி" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. "என்ன பேசி அனுப்ப?" என்றேன்.

"நீ என்ன பேச? இன்ஜின் சத்தத்தக் கேட்டேன்."

நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டேன் போ.

ஜனவரி 9, வியாழன்

பஸ் பிடித்து நாயுடுபுரம் போனேன். குருநாதண்ணன் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு சிலிண்டர் வேலை செய்யலக்கா. இம்புட்டு வெள்ளப் பொகைன்னா ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும். இன்ஜினப் பிரிக்கணும். பிரிச்சா மாசக்கணக்குல இங்கதான் கெடக்கும்."

எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, வில்பட்டி காய்கறி வியாபாரி கந்தவேல் வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருக்கிற நிலைமையிலேயே எடுத்துக்கொள்கிறாராம். அவர் டயரை உதைத்துப் பார்த்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. நம் வண்டியை அவர் எதற்கு உதைக்க வேண்டும்?

ஜனவரி 10

"கந்தவேலுக்கே குடுத்துரு" என்கிறார் இவர். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! "வண்டி இல்லாம அங்க வந்து நான் என்ன சோலி பாக்க? கம்பெனியில திரும்பக் கையெழுத்துக் கேக்குறாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வந்துர்றேன்."

அப்படியானால் வண்டி இருந்தால்தான் வருவாரா? இங்கே நான் ஒருத்தி இருப்பது கணக்கில் இல்லையா? கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது. முடியவே முடியாது.

ஜனவரி 12

கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுத்திருக்கலாம்.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் பொங்கியதும் தனியாகவே குலவை போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு வேலுத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு அவள் குலவையைச் சேர்த்துக்கொண்டாள்.

காலையில் உறைபனி. விறகெல்லாம் நனைந்து, வெந்நீர் அடுப்பில் ஒரே புகை. இவர் இருந்தால் ஒரு பாட்டில் வைத்திருப்பார். இங்கே பங்க் இல்லாததால் கொடைக்கானலில் கேனில் டீசல் வாங்கி வைப்போம். வண்டிக்கு ஊற்றியதும் கேனின் அடியில் கொஞ்சம் நிறுத்தி, அதை அந்தப் பாட்டிலில் தெளிய வைப்பார். விறகில் நாலு சொட்டு விட்டால் போதும், குப்பென்று பிடிக்கும். வண்டி குடிக்கிறதை அடுப்புக்குக் கொடுக்கிறாரே என்று எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்! இப்போது பாட்டில் காலி. அழகுமலை சொட்டு விடாமல் கேனைக் கவிழ்த்துவிடுவான். எதையும் வீணாக்காத பையன் என்று நானே நாலு பேரிடம் மெச்சியிருக்கிறேன்.

இன்றைக்கு மட்டும் யாராவது அந்த அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது என்ன யாராவது, அவர்தான்.

சாயங்காலம் போன் எடுத்தேன். "வண்டிய விக்கப் போறதில்ல" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு, "சரி, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னயக் கேக்க விடு" என்றார்.

ஜனவரி 18, சனி

இன்ஜின் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விறைத்துவிட்டது. மொத்தம் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் டீசல் பீச்ச ஒரு இன்ஜெக்டர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குருநாதண்ணன் ஒவ்வொரு இன்ஜெக்டரின் வயரையும் கழற்றி மாட்டினார். ஒன்றாவதைக் கழற்றியதும் வண்டி மொத்தமும் நடுங்கியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அதே திக்கல்தான். நாலாவதற்கு மறுபடி நடுக்கம்.

"மூணாவதுதான் சும்மா உக்காந்திருக்கு" என்றார் இவர். பிறகு சிரித்துக்கொண்டே, "கழட்டுனாலும் தெரியல பாத்தியா. நான் இல்லாம நம்ம வீடு ஓடுற மாதிரி."

எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் இருந்தது. குருநாதண்ணனும் அழகுமலையும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம். "ஓடுதா நிக்குதான்னு அங்க உக்காந்துக்கிட்டே தெரியுமோ?" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சரியான பதில் வந்தது. ஒன்றாவதைக் கழற்றியபோது வண்டியே கிடுகிடுத்ததே, நீங்கள் போனது அப்படி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் பதில் பஸ்ஸில்தான் வரும்.

ஜனவரி 20

குருநாதண்ணன் இன்னும் கேஸ்கெட்டை விடவில்லை. இவரும் விடவில்லை. "மூணாவது இன்ஜெக்டர ஒண்ணாவது எடத்துல போடுங்கண்ணே, ஒண்ணாவத மூணுல போடுங்க. நோவு அதுகூடவே போனா இன்ஜெக்டர். மூணுலயே நின்னுச்சுன்னா நீங்க சொல்றதுதான், பிரிச்சுருங்க. நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

கையெழுத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். மாற்றி மாட்டும்வரை பட்டறை வாசலில் நின்று குறிஞ்சி ஆண்டவரை வேண்டிக்கொண்டேன். ஒரு இன்ஜெக்டருக்காக முருகனைக் கூப்பிட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

வண்டியைக் கிளப்பினார்கள். மூன்றாவதைக் கழற்றினார் — வண்டி நடுங்கியது! ஒன்றாவதைக் கழற்றினார் — மாற்றமே இல்லை! நோவு இன்ஜெக்டரோடு போய்விட்டது. "ஆத்தாடி, நல்லவேளை பிரிக்கல" என்று குருநாதண்ணனே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அழுதேன், அழகுமலை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜனவரி 23

இன்ஜெக்டரை எடுத்துக்கொண்டு அழகுமலை திண்டுக்கல் பம்ப் கடைக்குப் போனான். பிரித்துப் பார்த்தால் உள்ளே துருவாம். "டீசல்ல தண்ணி கலந்து ஊத்துனீங்களான்னு கேக்குறாங்கக்கா" என்று போனில் இழுத்தான். யார் கலப்பார்கள்? எனக்குப் பங்க்காரன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

பிறகு ஏதோ தோன்றி, தகரக் கொட்டகையில் பாதி காலியாக நின்ற கேனின் அடியில் கிடந்ததை அந்தப் பழைய பாட்டிலில் வடித்தேன். சற்று நேரத்தில் பிரிந்துவிட்டது. மேலே டீசல். கீழே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர், தெளிந்த தண்ணீர்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 24

"பனியில கேனுக்குள்ள வேர்க்கும் செல்வி. கேன் காலியாக் காலியாக் கூட வேர்க்கும். தண்ணி அடியில தங்கிரும். அதான் ரொப்பி வைப்பேன், பலகைமேல வைப்பேன், கடைசி நாலு வெரல ஊத்தமாட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? நான்தான ஊத்திக்கிட்டிருந்தேன்."

வாஸ்தவம்தான். இவர் செய்துகொண்டிருந்தவை இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றும் கெட்ட பிறகுதான் தெரிகிறது.

பாவம் அழகுமலை, முகம் சுண்டிப்போனான். மெச்சியது நான்தானே, அவனை எப்படித் திட்ட?

ஜனவரி 29, புதன்

டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது இன்ஜெக்டர் போட்டாயிற்று. ஊர்வரை நானும் வண்டியிலேயே வந்தேன். பூம்பாறை ஏற்றத்தில் ஒரு திக்கல் இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, ஓடுகிற சத்தத்தைப் பிடித்து அனுப்பினேன்.

"அஞ்சாறு தடவ கேட்டுட்டேன்" என்றார்.

பயந்துபோனேன். "இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

"இன்ஜின் மொதத் தடவையே சரியாத்தான் இருந்துச்சு. சத்தம் முடியுற எடத்துல நீ 'போதுமா?'ன்னு கேட்டுருக்கேல்ல, அந்தக் கொரலுக்குத்தான்."

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். நாளைக்குப் பேசுகிறேன் என்றார்.

பிப்ரவரி 4

பேசவில்லை.

பிப்ரவரி 11

"பாப்போம்" என்கிறார். கம்பெனியில் நல்ல மனிதர்களாம், சட்டென்று முறிக்க முடியாதாம், பாப்போமாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்லியேவிட்டேன்:

"வண்டி ஓடுது. ஓட்ட அழகுமலை இருக்கான், அவன் போனா நானே லைசென்ஸ் எடுத்து ஓட்டுவேன். நான் உங்கள வண்டிக்காகக் கூப்பிடல. எனக்கு நீங்க வேணும். தனியாக் கெடக்க முடியல. வாங்க."

இந்தத் தடவை பதில் பஸ்ஸில் வரவில்லை, வாயிலேயே வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவருடைய லாரி ஓரங்கட்டி நிற்கிற சத்தம் கேட்டது. "அங்க பனி எப்படி?" என்று கேட்டார் கடைசியில். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

பிப்ரவரி 20

டீசல் நான்தான் ஊற்றுகிறேன். அழகுமலையைக் கேன் பக்கமே விடுவதில்லை. நாலு விரல் மிச்சம் வைத்து, பாட்டிலில் தெளிய விடுகிறேன். ஊற்றும்போதெல்லாம் மனசு அவரிடமே போகிறது. பாட்டில் நிறைந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

எழுந்திருக்க நேரமாகிவிட்டது. அழகுமலை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேற்றிலிருந்து கந்தவேல் வண்டிக்குப் போகிறான். நம் வண்டியும் வாசலில் இல்லை, லோடுக்குப் போய்விட்டது. வெந்நீர் அடுப்பு நின்று எரிந்துகொண்டிருந்தது. பாட்டிலில் பாதியைக் காணோம். நாலு சொட்டு போதும் என்றால் கேட்டால்தானே, ஊதாரி!

கொட்டகையில் கேன் பலகைமேல் இருந்தது, மூடி இறுக்கி. தூக்கி ஆட்டிப் பார்த்தேன். அடியில் நாலு விரல் மிச்சம்.

நான் ஊற்றவில்லை.