கல்யாணக் கோட்டும் வலது தோளும்

12 ஜனவரி 1954, செவ்வாய்

காலை ஷிப்ட். பர்மா அரிசிக் கப்பல். மதியம் வரைக்கும் வெயிலில் நின்று, இறங்கிய மூட்டைகளை எண்ணிக் குறித்தேன். மேஸ்திரி எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் சண்டையில்லாமல் ஒத்துப் போனது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கல்மண்டபத்தில் ஜெயவேல் டெய்லரிடம் கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டார் எடுக்க வேண்டியது. துணி வாங்கியது, டெய்லரைப் பிடித்தது எல்லாம் மாமனார் ராசையா. தெற்கிலிருந்து வந்து கருப்பட்டி மண்டி வைத்து முன்னுக்கு வந்தவர். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். "மாப்பிள்ளை ஹார்பர்ல கிளார்க்கு" என்று டெய்லரிடம் இரண்டு தடவை சொல்லி வைத்திருக்கிறார்.

அளவு எடுக்கும்போது ஜெயவேல், "லூஸா நில்லு சார். பட்டாளத்துக்காரன் மாதிரி வெறைச்சிக்கினு நிக்கிறியே" என்றார். நான் நின்றபடியே நின்றேன்.

24 ஜனவரி, ஞாயிறு

மாதா கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். சவரிநாதனுக்கும் ரோஸ்மேரிக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார் சாமியார். யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "இன்னாத்துக்குடா இப்டி வேர்க்குது உனக்கு?" என்றாள்.

பிப்ரவரி 15 கல்யாணம். அது தவறினால் பின்னாலேயே தவக்காலம். ஈஸ்டர் கழித்துத்தான் பேச முடியும்.

28 ஜனவரி, வியாழன்

கோட்டு வந்தது. சகிக்கவில்லை.

இடது பக்கம் கச்சிதம். வலது பக்கம் கழுத்தடியிலிருந்து அக்குள் வரைக்கும் துணி மடிந்து மடிந்து தொங்குகிறது. வலது கை நீண்டு பாதி உள்ளங்கையை மூடுகிறது. அம்மா ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "யாரோ செத்தவன் கோட்டை வாங்கிப் போட்டாப்பல கீது" என்றாள்.

அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஜெயவேல் பதறவில்லை. கோட்டை ஆணியில் மாட்டிக் காட்டினார்.

"பாரு சார். கோட்டு நேரா கீது. நீதான் சாஞ்சு கீறே. வலது தோளு ஒன்றரை இஞ்ச் எறக்கம். அளவு எடுக்கச் சொல்ல தூக்கி வெச்சிக்கினே. அதுக்குத்தான் லூஸா நில்லுன்னேன்."

"துணியைப் பாழாக்கிட்டு என் ஒடம்பு மேல பழி போடுறியா?" என்று கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கோட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆள் சொன்னது சரி. இங்கே எழுத என்ன வெட்கம்? பதினேழு வயதிலிருந்து ஒன்பது வருஷம் இதே ஹார்பரில் மூட்டை தூக்கினேன். அத்தனையும் வலது தோளில். காய்ப்பு இன்னும் கல் மாதிரி இருக்கிறது. எட்டாவது வரை படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு துரை பார்த்துச் சொல்லி கிளார்க் ஆகி நாலு வருஷம்தான். பெண் வீட்டில் அந்த நாலு வருஷத்தை மட்டும் சொன்னோம். பொய் சொல்லவில்லையே என்கிறாள் அம்மா. ஒன்பது வருஷத்தை விழுங்கிவிட்டுச் சொன்னால் அதற்குப் பேர் என்ன?

ரோஸ்மேரியைக் கேட்டு வந்த லாரி டிரைவரை வாசலோடு அனுப்பியவர் ராசையா. நிச்சயதார்த்தத்தன்றே மண்டியில் ஒரு ஆளை, "மூட்டை தூக்குத பயலுக்குப் பேச்சு என்னலே பேச்சு" என்று ஏசியதை என் காதால் கேட்டேன். ஏசிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

29 ஜனவரி, வெள்ளி

கோட்டு ஞாபகத்தில் இரண்டு மூட்டை எண்ணாமல் விட்டுவிட்டேன். மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன்.

31 ஜனவரி, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பூசை முடிந்து வெளியே வந்ததும் மாமனார், "கோட்டு வந்துட்டா, மாப்பிள்ளை?" என்றார்.

இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "டெய்லர் சரியாத் தைக்கலை மாமா" என்றேன்.

"என்னது! நான் எடுத்துக் குடுத்த துணியிலயா? நாளைக்குக் காலம்பற நானும் வாரேன்."

வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா?

1 பிப்ரவரி, திங்கள்

கடை வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என்னைக் கோட்டைப் போடச் சொல்லி, மடிப்பை மாமனார் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். "இது என்னவே? இது என்ன? எதுக்கு இந்தக் கை யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குது? சொல்லும்!"

ஜெயவேல் என்னைப் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார், கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்பு என்னுதுதான் நைனா. அளவு எடுக்கச் சொல்ல அசந்துட்டேன்."

அப்புறம் மாமனாரைப் பிடிக்க முடியவில்லை. தன் மூன்று மகன்களுக்கும் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பிக் கேட்டார். "நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டான், பாரும்" என்றார். ஜெயவேல் மூன்று துணியையும் கசங்காமல் மடித்து, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

வழியில் மாமனார் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். த்தூ.

2 பிப்ரவரி, செவ்வாய்

வேலை முடிந்து தனியாக ஜெயவேல் கடைக்குப் போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பின்னே? பத்துப் பேர் எதிர்ல உன் சட்டையக் கழட்டச் சொல்லுவாங்களா சார்? முப்பது வருசமா ஹார்பர் ஆளுங்களுக்குத் தைக்கிறேன். மூட்டை தூக்குன தோளு எனக்குத் தெரியாதா? உன் மாமனாருக்குத் தெரியாதுன்னு உன் மூஞ்சியப் பார்த்ததும் புரிஞ்சிக்கினேன்."

வலது தோளில் பஞ்சு வைத்துத் தைத்தால் இறக்கம் வெளியே தெரியாதாம். "கல்யாணம் நடக்கட்டும். கடை பேரு போனா போவுது" என்றார். போனால் போகட்டும் என்கிற முகமாக அது இல்லை. இன்று காலையில் மட்டும் தெற்கத்திக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்களாம். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

4 பிப்ரவரி, வியாழன்

ஒரே பேஜாராக இருக்கிறது. சொன்னால் ரோஸ்மேரி இல்லை. சொல்லாவிட்டால் அந்த மனுஷன் பிழைப்பு இல்லை. இதுவரை அவளோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் ஏன் சொல்லப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்?

7 பிப்ரவரி, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது என்னால் உட்காரவே முடியவில்லை.

பூசை முடிந்ததும் நேரே மாமனார் வீட்டுக்குப் போனேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினேன். "டெய்லர் மேல தப்பு இல்ல மாமா. நான் மூட்டை தூக்குனவன். அது தெரியக்கூடாதுன்னு அளவு எடுக்கும்போது தோளைத் தூக்கி வெச்சுக்கினு நின்னேன். அந்த ஆளு என்னைக் காட்டிக் குடுக்காம பழியத் தன் மேல போட்டுக்கிட்டாரு." எங்கேயும் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

காய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருசம்?"

"ஒன்பது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா பொண்ணு தர மாட்டீங்க."

"தந்திருக்க மாட்டேன்தான்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். ரோஸ்மேரி காப்பியோடு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் காப்பியைத் தொடாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாய மூடிக்கினு ஒரு வாரம் இருக்கத் தெரியலியே உனக்கு!"

8 பிப்ரவரி, திங்கள்

சேதி இல்லை.

9 பிப்ரவரி, செவ்வாய்

சேதி இல்லை. கல்யாணம் நின்றதைச் சாமியாரிடம் யார் போய்ச் சொல்வது என்று அம்மா கேட்கிறாள். நான்தான் போக வேண்டும். வேறு யார்?

10 பிப்ரவரி, புதன்

கடைக்கு வரச் சொல்லி ஜெயவேல் ஆள் அனுப்பினார். போனால், பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். மேஜை மேல் மகன்கள் துணி, அதே நூல் கட்டோடு. வெளியே வெற்றிலைக் கடைக்காரர் உட்பட ஆறேழு பேர்.

என்னை அவர் பார்க்கவில்லை. ஜெயவேலைப் பார்த்து, ரோட்டுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "நாலு பேரு முன்னால உம்ம மேல சத்தம் போட்டேன். தப்பு உம்மது இல்ல. அதையும் நாலு பேரு முன்னாலயே சொல்லுதேன். நம்ம ஆளுவகிட்டயும் சொல்லியாச்சு."

"பரவால்ல நைனா" என்றார் ஜெயவேல். ஆனால் துணிக்கட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மாமனார் என் பக்கம் திரும்பினார். "எனக்கு இன்னும் கோவம் தீரல. எம்மவகிட்ட, வேண்டாம்னா இப்பவே நிறுத்திருதேன்னு கேட்டேன். 'கோட்டு என்னாச்சுப்பா?'ன்னு என்னையக் கேக்கா. போங்க, போய் அளவு குடுங்க."

ஜெயவேல் டேப்பை எடுத்தார். "பஞ்சு வைக்கவா சார், இல்ல தோளுக்கு ஏத்தாப்பல வெட்டவா?"

தோளுக்கு ஏற்ற மாதிரி என்றேன்.

"அப்ப லூஸா நில்லு."

நின்றேன்.

16 பிப்ரவரி, செவ்வாய்

நேற்று கல்யாணம் முடிந்தது. கோட்டில் ஒரு மடிப்பு இல்லை. இரண்டு கையும் மணிக்கட்டில் சரியாக நின்றன. ஜெயவேல் கோயில் கடைசி வரிசையில் நின்று கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். மாமனார் அவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பினார்.

கோயிலிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மாப்பிள்ளை சார், வலது தோளைக் கொஞ்சம் தூக்குங்க. சாஞ்சு தெரியுது."

பழக்கம். தூக்கப் போனேன்.

கோயிலை விட்டு வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாத ரோஸ்மேரி, காமிராவைப் பார்த்தபடியே சொன்னாள்: "தூக்க வேணாம். அவங்க நிக்கிறது அப்படித்தான். எடுங்க."

எடுத்தார். வெள்ளிக்கிழமை படம் தருகிறாராம்.