தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சென்னை
9.8.97

அன்புள்ள வேணிக்கு,

நேற்று போனில் உன் அழுகைதான் கேட்டது. நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதி, ஊருக்கு வரும் தேவசிகாமணி அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரசவத் தையல் ஆறும்வரை நீ ரயில் ஏறக் கூடாது, அடம் பிடிக்காதே.

நம் பிள்ளைக்கு இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன. அதனால்தான் உடம்பில் அந்த நீலம். அவற்றை வெட்டி, மாற்றித் தைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் இதயத்தின் இடது அறை பலமிழந்துவிடுமாம். பத்துப் பிள்ளைகளுக்குச் செய்தால் ஒன்றிரண்டு தவறிவிடுகிறது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். செய்யாமல் விட்டால் ஒரு வயது காண்பதே அரிது.

எனக்குச் செய்துவிடலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் மூத்தவளைப் பறிகொடுத்தவள் நீ. உன்னைக் கேட்காமல் சரி சொல்ல மனம் வரவில்லை.

குமரவேல்


திருநெல்வேலி டவுண்
11.8.97

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களிடம் ஒன்று சொல்லவில்லை. சென்னைக்குக் கொண்டுபோக வண்டி வருமுன், அத்தைக்கும் தெரியாமல், பிள்ளையை விற்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையிருந்தாளே, மேலப்பாளையம் ஆபிதா அக்கா, அவளுக்கு. ஒரு முறம் தவிட்டுக்கு. மூத்தது தங்காத வீட்டில் அடுத்ததை இப்படி விற்பது வழக்கம்தானே. என் பிள்ளை இல்லையென்றால் எமன் தேடி வரமாட்டான். தவிடும் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். இன்று என்னைப் பார்க்க வந்த ஆபிதா அக்காவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ஒன்னு ரெண்டு தவறும்னா, மிச்ச வீட்டுல பிள்ள இருக்குல்லா? வெலைக்கு வாங்குனவ நான். எம்பிள்ளைக்கு நான் சொல்லுதேன், செய்யச் சொல்லு" என்றாள்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். என்னைக் கேட்காதீர்கள். அவன் பக்கத்தில் நின்று என் பெயரைச் சொல்லாதீர்கள்.

வேணி


சென்னை
18.8.97

அன்புள்ள வேணிக்கு,

போனில் சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன், நம்பு. பிழைத்துவிட்டான்.

உன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு கோமாளித்தனம் செய்தேன். கையில் கட்டிய பட்டையில் உன் பெயர்தான் இருந்தது. தொட்டில் அட்டையில் மட்டும் 'ஆபிதா பீவி குழந்தை' என்று எழுதச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன். நாகர்கோவில்காரி, விவரம் சொன்னதும் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஆபரேஷன் முடிந்து வேறொரு நர்ஸ் வெளியே வந்து, "ஆபிதா பீவி குழந்தைக்கு யார் வந்திருக்கீங்க?" என்று கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு உன் பெயர் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அம்மாதான் முதுகில் ஒன்று வைத்தாள்: "ஏலே, நம்ம பிள்ளையத்தாம்லே கூப்பிடுதாவ."

நெஞ்சில் கட்டு, உடம்பெல்லாம் குழாய். ஆனால் கால்விரல் நகம் சிவப்பு, வேணி. நம் பிள்ளையின் நிறம் என்னவென்று அப்போதுதான் பார்த்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

முழுக் கவலையும் தீர்ந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. தைத்த இடம் சுருங்குகிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டுமாம். பார்ப்போம்.

குமரவேல்


திருநெல்வேலி டவுண்
21.8.97

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை ஆபிதா அக்காவுக்கு வாசித்தேன். அவளும் அழுதாள். "தவிட்டத் திருப்பித் தந்துட்டு ஒம்பிள்ளைய எடுத்துக்கோ. அவசரம் இல்ல, பையத் தா. பத்து வயசு ஆவட்டும்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வருஷா வருஷம் சோதனை இருக்கிறதே, அதுவரை அவள் பிள்ளையாகவே இருக்கட்டும் என்று. ஆனால் நகம் சிவப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை அம்மாவிடம் சொல்லி, முறத்தோடு தவிட்டை மேலப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த நாகர்கோவில் நர்ஸிடம் சொல்லி தொட்டில் அட்டையை மாற்றுங்கள். 'வேணி குழந்தை' என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள்.

அவன் அம்மா,
வேணி